ஃபர்னஸ் அண்ணனும் பதினோரு பவுனும்!

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மாவட்டத் தலைநகரில் குடியிருக்கும் நான், அதே மாவட்டத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ரயிலில் வேலைக்குப் போக வேண்டுமானால், முதலில் சென்னைக்குள் நுழைந்தாக வேண்டும். திருவள்ளூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்காகத் தவம் கிடந்து, அப்புறம் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வடக்கே போக வேண்டும். சொந்த மாவட்டத்துக்குள்ளேயே தினமும் வெளியூர்ப் பயணம் போகும் பாக்கியசாலிகள் நாங்கள்!

எனக்கு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில் டைம் ஆபீஸ் உத்தியோகம். வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, பி.எஃப்., கிராஜுவிட்டி ஃபாரம் எல்லாம் என் தலையில். அதனால் கம்பெனியில் எனக்குப் பெயர் 'பி.எஃப். தம்பி'. என் ஜாதகமே பிறருடைய சேமிப்பைக் கூட்டிச் சொல்வதுதான். என் சேமிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்... அது ஒரு சோகக் கதை.

2025 டிசம்பரில் எங்கள் ஃபர்னஸ் அண்ணன் ரிடையர் ஆனார். உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறார். இருபத்து நாலு வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். சித்திரை வெயிலில் நாங்கள் எல்லாம் கருகும்போது, "இன்னா தம்பி, காத்து ஜிலுஜிலுன்னு வருது" என்பார். உலையோடு ஒப்பிட்டால் அவருக்கு அக்னி நட்சத்திரமே ஊட்டிதான்!

மாலை, பொன்னாடை, மிக்ஸர் பொட்டலத்தோடு வழியனுப்பினோம். கொஞ்ச நாளில் பணமும் வந்து சேர்ந்தது. கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். அதை 26 நாளால் வகுத்து, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று பெருக்கினால் 15,000. இருபத்து நாலு வருஷத்துக்கு 3,60,000 ரூபாய் கிராஜுவிட்டி. பி.எஃப்.பில் 9 லட்சம். ஆக மொத்தம் 12 லட்சத்து 60 ஆயிரம்.

பணம் வந்த மறுநாள் அண்ணன் பைபாஸ் ஓர டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, துட்டு மொத்தத்தையும் தங்கத்துல போட்டுடலாம்னு பாக்கறேன். மினிமம் எவ்ளோ போடணும்?"

அவர் ரிடையரான அதே டிசம்பரில்தான் சென்னையில் ஆபரணத் தங்கம் பவுனுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. டீக்கடையில் சர்க்கரை கம்மியா என்று கேட்பதை விட்டுவிட்டு, "பவுன் இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்கிற காலம். கேள்வி காதில் விழுந்ததும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் நிபுணர்களாகிவிட்டார்கள்.

"ஒரு பவுனாவது வாங்கணும்ணே."

"அதெல்லாம் இல்ல. செல்போன்லயே ஒரு ரூபாய்க்கு வாங்கலாம்!"

"எங்க சித்தப்பா பையன் அமெரிக்காவுல இருக்கான். அங்க ரிடையர்மென்ட் பணத்தைத் தங்கத்துக்கு மாத்தணும்னா இருபத்தஞ்சாயிரம் டாலர் வேணுமாம்!"

அண்ணன் என்னைப் பார்த்தார். டீயை உறிஞ்சி நேரம் வாங்கினேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

சட்டம் சொல்லாத மினிமம்

அமெரிக்காக்காரர் சொன்னது பாதி நிஜம். அங்கே ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கிலேயே தங்கம் வைத்துக்கொள்ள ஒரு வகைக் கணக்கு இருக்கிறது. கட்டியானால் குறைந்தது 99.5 சதவீத சுத்தம் வேண்டும். வீட்டு பீரோவில் வைக்கக் கூடாது, அதற்கென்று அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு போடு என்று சட்டம் சொல்லவில்லை. அந்தக் கணக்கை விற்கிற கம்பெனிகள்தான் பத்தாயிரம் டாலர், இருபத்தைந்தாயிரம் டாலர் என்று ஆளுக்கொரு கோடு போடுகின்றன.

நம் ஊரில் கதையே வேறு. பி.எஃப். கணக்கை அப்படியே தங்கக் கணக்காக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. பணத்தை வெளியே எடுத்து, அப்புறம்தான் தங்கத்துக்குப் போக வேண்டும். வாசலோ ஒன்றல்ல, பல. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நுழைவுக் கட்டணம்.

டிஜிட்டல் கோல்டு: ஒரு ரூபாய், பத்து ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் இது தன் கண்காணிப்புக்குள் வராது, ஏதாவது ஆனால் முதலீட்டாளர் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது என்று 2025 நவம்பரில் 'செபி' எச்சரித்தது.

கோல்டு ஈ.டி.எஃப்.: பங்குச் சந்தையில் வாங்கும் தங்கம். இந்தியாவில் முதல் ஈ.டி.எஃப். வந்தது 2007-ல். அப்போது ஒரு யூனிட் சுமார் ஒரு கிராம். இப்போது பல ஃபண்டுகளில் ஒரு யூனிட் என்பது ஏறக்குறைய ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. சினிமா டிக்கெட் காசு இருந்தால் நுழையலாம், டீமேட் கணக்கு மட்டும் வேண்டும். அதுவும் இல்லையென்றால் கோல்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதம் நூறு, ஐந்நூறு என்று போடலாம்.

தங்கப் பத்திரம்: மத்திய அரசுக்காக ரிசர்வ் வங்கி வெளியிட்டது. குறைந்தபட்சம் ஒரு கிராம். 2015 நவம்பரில் முதல் வெளியீட்டில் கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கு 2023 நவம்பரில் 6,132 ரூபாய் கிடைத்தது. நடுவில் வட்டி தனி. ஆனால் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடு வரவில்லை. பழைய பத்திரத்தைச் சந்தையில் யாராவது விற்றால் வாங்கலாம்.

நாணயம்: ஒரு கிராமிலிருந்து உண்டு. வங்கியிலும் விற்பார்கள். ஆனால் விற்ற வங்கி அதைத் திரும்ப வாங்காது!

நகைச் சீட்டு: மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று தொடங்கும். ஏன் எல்லா சீட்டும் பதினோரு மாதத்தில் முடிகிறது என்று யோசித்ததுண்டா? முன்பணமாக வாங்கிய தொகைக்கு 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால் அது 'டெபாசிட்' ஆகிவிடும் என்கிறது கம்பெனி சட்ட விதி. அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் பதினோராம் மாதமே மங்களம் பாடிவிடுகிறார்கள்.

"ஆக, ஒரு ரூபா இருந்தா போதும். அப்போ பன்னெண்டரை லட்சத்துக்கு எவனும் தடை சொல்லமாட்டான்னு சொல்லு" என்றார் அண்ணன் சந்தோஷமாக.

"தடை சொல்லமாட்டாங்கண்ணே. அதுதான் பயமா இருக்கு."

பிஸ்கட் கவரில் ஒரு கணக்கு

அண்ணன் மனதில் இருந்தது ஈ.டி.எஃப்.பும் இல்லை, பத்திரமும் இல்லை. நகை. ஜொலிக்கிற, கையில் தூக்கிப் பார்க்கிற நகை. பிஸ்கட் கவரைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன்.

பவுன் ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். செய்கூலி, சேதாரம் 12 சதவீதம் என்றால் 12,000. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 3,360. ஆக ஒரு பவுன் நகை 1,15,360 ரூபாய். 12 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வாங்கினால் சுமாராகப் பதினோரு பவுன் வரும்.

"பதினோரு பவுனு!" அண்ணன் கண் மின்னியது.

"இருங்கண்ணே. அந்தப் பதினோரு பவுனை மறுநாளே விக்கப் போனா, கடைக்காரர் சேதாரத்தையும் திருப்பித் தரமாட்டார், ஜி.எஸ்.டி.யையும் தரமாட்டார். கைக்கு வர்றது பத்து லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரம். அதுலயும் கடைக்கு ஏத்த மாதிரி கழிவு உண்டு. ஆக ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் அவுட்!"

"அவ்ளோவா?"

"உங்களுக்கு வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம் கிராஜுவிட்டி. அந்தக் கணக்குல, கடைக் கண்ணாடிக் கதவைத் தாண்டறதுக்குள்ள நீங்க உலை முன்னாடி நின்ன பதினோரு வருஷ கிராஜுவிட்டி காணாமப் போயிடுது."

பெஞ்சு அமைதியானது. வடை எடுத்தவர்கூட கையை நிறுத்திவிட்டார்.

அண்ணன் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, நான் லாபத்துக்கு வாங்கல."

அப்புறம்தான் விஷயம் வந்தது. இங்கே வருவதற்கு முன் அவர் வேலை பார்த்த பட்டறை மூடிவிட்டது. ஒன்பது மாதம் வேலை இல்லை. அண்ணி போட்டு வந்த ஐந்து பவுனும் அடகுக் கடைக்குப் போனது. வட்டி கட்ட முடியவில்லை. நகை ஏலத்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் இருபத்து நாலு வருஷம் அண்ணி கழுத்தில் மஞ்சள் கயிறுதான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள், ஓட்டு வீட்டை ஒட்டியாவது ஒரு வீடு கட்டினார்கள். கயிறு மட்டும் மாறவில்லை.

"ஒரு தபா சொன்னேன், ரிடையர் ஆனதும் மொத்தமா போட்டுடறேன்னு. அவ மறந்துட்டா. நான் மறக்கல."

இதற்கு எந்தப் பிஸ்கட் கவரில் பதில் எழுதுவது?

என் பிரேஸ்லெட் புராணம்

இப்போது என் சோகக் கதை. 2017-ல் எனக்கு இருபத்தாறு வயது. மூன்று வருஷம் வேலை பார்த்த முதல் கம்பெனியை விட்டேன். பி.எஃப்.பில் 42,000 ரூபாய் இருந்தது. புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்டேனா? எடுத்து, ஒன்றரைப் பவுனில் ஒரு பிரேஸ்லெட் செய்துகொண்டேன். 'இதுவும் முதலீடுதானே' என்று எனக்கு நானே சமாதானம். பஸ்ஸில் வேண்டுமென்றே மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நாலு பேர் பார்க்கட்டுமென்று!

அந்த 42,000-ஐ பி.எஃப்.பிலேயே விட்டிருந்தால், எட்டு வருஷ வட்டியோடு 80,000 ரூபாய் ஆகியிருக்கும். பிரேஸ்லெட்டை வைத்திருந்தால்? ஒன்றரை லட்சம்! தங்கம்தான் ஜெயித்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால்... பிரேஸ்லெட் எங்கே? ஒரே வருஷத்தில் பைக் தவணைக்காக அடகுக்குப் போனது. மீட்டேன். தங்கை சீமந்தத்துக்கு மறுபடி போனது. மீட்டேன். மூன்றாவது முறை விற்றே விட்டேன். தங்கம் ஜெயித்தது, நான்தான் தோற்றேன். பி.எஃப். பணத்துக்குப் பூட்டு இருக்கிறது. கையில் மாட்டிய தங்கத்துக்குக் கொக்கிதான் இருக்கிறது. அவசரத்தில் கொக்கி தானாகக் கழன்றுவிடும்!

அதோடு இன்னொன்றும் போனது. பி.எஃப்.போடு பென்ஷன் கணக்கும் ஓடுகிறது. குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் அதில் மாதப் பென்ஷன். நான் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்ததில் அந்த மூன்று வருஷ சர்வீஸும் கணக்கிலிருந்து அழிந்துவிட்டது. பிரேஸ்லெட் போட்ட கையால் நானே கையெழுத்துப் போட்டேன்!

தங்கம் தூங்கிய வருஷங்கள்

"ஆனா தங்கம் ஏறிக்கினேதானே கீது?" என்றார் அண்ணன். இன்றைக்கு எல்லோரும் கேட்கிற கேள்வி.

ஏறியிருக்கிறது. 2005-ல் பத்து கிராம் சுத்தத் தங்கம் சுமார் 7,000 ரூபாய். 2012-ல் 31,000. நாலு மடங்குக்கு மேல்! 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது.

ஆனால் தங்கம் தூங்கவும் செய்யும். 1996-ல் பத்து கிராம் ஐயாயிரத்துச் சொச்சம். 2002-ல்? கிட்டத்தட்ட அதே ஐயாயிரம்! நடுவில் நாலாயிரம் வரை இறங்கிப் படுத்தது. அந்த ஆறு வருஷமும் பி.எஃப். என்ன செய்தது தெரியுமா? 2000 வரை வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி கொடுத்தது. 1996-ல் ரிடையராகி மொத்தத்தையும் தங்கமாக்கியவர், ஆறு வருஷம் கழித்தும் அதே பணத்தோடு நின்றார். பி.எஃப்.பில் ஓடிக்கொண்டிருந்த பணம் ஏறக்குறைய இரட்டிப்பானது. 2012-ல் 31,000 இருந்த தங்கம்கூட 2015-ல் 26,000-க்கு வந்ததே!

இருபத்தாறு வயதுக்காரன் ஆறு வருஷம் காத்திருப்பான். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அதுவரை என்ன சாப்பிடுவார்? தங்கம் பால் கறக்காத பசு. கொழுக்கும், விற்றால் விலை போகும். மாதாமாதம் ஒரு சொம்பு பால் தராது. அண்ணனுக்கு வரும் பென்ஷனோ நாலாயிரத்தைத் தொடவில்லை.

அண்ணி கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் கவரையும் எடுத்துப் போயிருந்தேன். அண்ணி சுண்டல் வைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பதினோரு பவுன் கணக்கு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இந்த வயசுல பதினோரு பவுனைப் போட்டுக்கினு நான் ரேஷன் கடைக்கா போவேன்? ஏங்க, அதை மாசா மாசம் சுரண்டியா கொழம்பு வைக்கறது?"

அண்ணன் பேசவில்லை.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவரு மினிமம் எவ்ளோ போடணும்னு கேட்டாராம். நீ ஒண்ணு சொல்லு. மினிமம் எவ்ளோ போடாம வெச்சிக்கணும்?"

பத்து வருஷமாக டைம் ஆபீஸில் உட்கார்ந்து நான் கேட்காத கேள்வி! சுண்டல் தொண்டையில் நின்றுவிட்டது.

உட்கார்ந்து எழுதினோம். தபால் ஆபீஸில், வங்கியில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஆயிரம் ரூபாயில் தொடங்கலாம், 30 லட்சம் வரை போடலாம். அறுபது வயது ஆகவில்லையே என்ற கவலை வேண்டாம். ஐம்பத்தைந்து தாண்டி ரிடையரானவர்கள், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேரலாம். 2025 முழுக்க அதற்கு வட்டி 8.2 சதவீதம்.

அதில் எட்டு லட்சம் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய். மாதக் கணக்கில் ஐயாயிரத்து நானூற்றுச் சொச்சம். பென்ஷனோடு சேர்த்தால் மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல். சொந்த வீடு, இரண்டு பேர். ராஜபோகம் இல்லை, ஆனால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

"சரி, பாக்கி?" என்றார் அண்ணன்.

"மூணு பவுன்ல சங்கிலி" என்றேன். மூன்று லட்சத்து நாற்பத்தாறாயிரம். "பில்லோட, ஹால்மார்க் ஆறு எழுத்து நம்பரோட வாங்கணும். மிச்சம் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பேங்க்ல ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருக்கட்டும்."

சேதாரம் போகுமே என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று பவுன் முதலீடு இல்லை. இருபத்து நாலு வருஷக் கடன். கடனுக்கு யாராவது சேதாரம் பார்ப்பார்களா?

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் தம்பிமார்களே, ரிடையர்மென்ட்டுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கிறதே என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள்! கம்பெனி மாறும்போதெல்லாம் 'பி.எஃப்.பை எடுத்துத் தங்கத்தில் போட்டுடலாமா' என்று என்னிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர்.

தங்கம் வேண்டுமா? தாராளமாக வாங்குங்கள், சம்பளத்திலிருந்து. மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஃபண்டு இருக்கிறது. கையில் மாட்ட முடியாத தங்கம் அது, பிரேஸ்லெட் போலக் கொக்கி கிடையாது. பி.எஃப்.பை மட்டும் புதுக் கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள். யூ.ஏ.என். என்ற ஒரே நம்பர் உங்கள் கூடவே வருகிறது. ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வருமான வரி குறுக்கிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. நடுவில் பணம் எடுக்கிற உறுப்பினர்கள், செலுத்திய பங்குத் தொகையில் 25 சதவீதத்தைக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பாக விட்டுவைக்க வேண்டும் என்று. செய்தி வந்த அன்று கேன்டீனில் ஒரே கூச்சல். 'என் பணம், எனக்குத் தடையா' என்று மேசையைத் தட்டினார்கள். தட்டியவர்களில் நானும் ஒருவன். கவரைப்பேட்டைச் சுண்டலுக்குப் பிறகு அவ்வளவு பலமாகத் தட்டத் தோன்றவில்லை. அண்ணி கேட்டதும் அதே கேள்விதானே?

போன வாரம் பொன்னேரியில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் அண்ணனும் அண்ணியும். கல்யாண வீட்டுக்குப் போகிறார்களாம். அண்ணி கழுத்தில் சங்கிலி. அண்ணன் ஜன்னல் பக்கம் ஓடி வந்தார்.

"தம்பி! பவுன் இன்னிக்கு இன்னா ரேட்டு?"

"இன்னும் பார்க்கலியேண்ணே. ஏன், வாங்கப் போறீங்களா?"

"சேச்சே! சும்மா... இவ கழுத்துல எவ்ளோ தொங்குதுன்னு கணக்குப் பாக்கத்தான்!"

வண்டி கிளம்பியது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டது கவரைப்பேட்டை வரை என் கண்ணிலேயே இருந்தது.